டீ குடித்துவிட்டு வந்தால் திறந்திருக்கும்

எங்கள் ஊர் தாலுகா ஆபீஸுக்கு எதிர்வரிசையில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பெயருக்குத்தான் ஜெராக்ஸ் கடை. மனு தட்டச்சு, பட்டா சிட்டா எடுத்துத் தருவது, ஆதார் அட்டைக்கு லேமினேஷன், பரீட்சை விண்ணப்பம், காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், மாதா மாதம் ஜிஎஸ்டி என்று எல்லாம் நடக்கும். காலை ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கியதும் கடைக்கார அண்ணன் செய்யும் வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் யூபிஎஸ்ஸை ஆன் செய்வார். அது 'கீக்' என்று ஒரு சத்தம் போடும். அப்புறம் கம்ப்யூட்டரின் பொத்தான். அழுத்திவிட்டு அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றி, வாசலில் தண்ணீர் தெளித்து, பக்கத்து டீக்கடைக்குப் போய்விடுவார். "டீ குடிச்சிட்டு வந்தா தெறந்திருக்கும்" என்பது அவர் கணக்கு.

பல வருஷம் அந்தக் கணக்கு தப்பவில்லை. பிறகு ஒரு டீ போதாமல் போயிற்று. டீயும் பேப்பரும் ஆயிற்று. டீ, பேப்பர், டீக்கடை பெஞ்சில் அரசியல் என்றும் ஆனபோது, காலையிலேயே வந்து நிற்கும் மனுக்காரர்கள் முகம் சுளிக்க ஆரம்பித்தார்கள். சர்வீஸ் பையன் வந்து பார்த்துவிட்டு, எல்லா சர்வீஸ் பையன்களும் சொல்வதையே சொன்னான்: "ஃபார்மட் அடிச்சிடலாம்ணே."

ஃபார்மட் என்றதும் அண்ணனுக்கு வயிற்றைக் கலக்கியது. பன்னிரண்டு வருஷத்து எழுத்துருக்கள், மனு மாதிரிகள், பத்திரிகை டிசைன்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. "புதுசு வாங்கிடலாமா, இல்ல அடிச்சிடலாமா? நீ ஒரு தடவ பாத்துச் சொல்லு தம்பி" என்று என்னைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் தெரிந்த தம்பி என்று ஊரில் ஒருவன் இருந்தால் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

போனதும் எதையும் தொடவில்லை. மெஷினை அணைத்துவிட்டு, கைபேசியில் ஸ்டாப்வாட்சைத் திறந்து வைத்துக்கொண்டு, திரும்ப ஆன் செய்தேன். உட்கார்ந்து பார்ப்பது மட்டும்தான் முதல் வேலை. 1 நிமிஷம் 50 நொடியில் டெஸ்க்டாப் வந்துவிட்டது. பின்னணியில் அவருடைய குலதெய்வம், ஓரத்தில் ஐகான்கள், எல்லாம் தயார் மாதிரித்தான் தெரிந்தது. ஆனால் குரோமை இருமுறை தட்டினால் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினார் அண்ணன். மறுபடியும் தட்டினார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே வலது மூலையில் ஒவ்வொன்றாகக் குட்டி ஐகான்கள் முளைத்தன. ஒன்று 'புது அப்டேட் இருக்கிறது' என்றது. ஒன்று 'உங்கள் பாதுகாப்பு காலாவதியாகிவிட்டது' என்றது. இன்னொன்று பாட்டுக் கேட்கக் கூப்பிட்டது. 6 நிமிஷம் 20 நொடி ஆனபோது குரோம் திறந்தது. அவர் தட்டின தட்டுக்கெல்லாம் சேர்த்து நான்கு குரோம்.

இந்த இரண்டு எண்களும்தான் முக்கியம். பொத்தானை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் வரும்வரை ஒரு நேரம், டெஸ்க்டாப் வந்ததிலிருந்து உண்மையில் வேலை செய்ய முடிகிறவரை ஒரு நேரம். முதலாவது பெரிதாக இருந்தால் வன்பொருள், டிரைவர், விண்டோஸ் என்று தேட வேண்டும். இரண்டாவது பெரிதாக இருந்தால் விண்டோஸ் எழுந்துவிட்டது, அதன் பின்னாலேயே ஒரு கூட்டம் வாசலில் இடித்துக்கொண்டு நுழைகிறது என்று அர்த்தம். ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால் அந்தக் கூட்டத்தில் யார் யார் என்று பார்க்கலாமே.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர். அதில் ஸ்டார்ட்அப் என்று ஒரு பக்கம், விண்டோஸ் எழுந்ததும் தானாக ஓடத் தொடங்கும் புரோகிராம்களின் பட்டியல். விண்டோஸ் 11-இல் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' என்று இடது ஓரத்தில் இருக்கும். விண்டோஸ் 8 வந்த 2012-இலிருந்து இந்தப் பக்கம் டாஸ்க் மேனேஜரில் இருக்கிறது. அதற்கு முன் 'எம்எஸ்கான்ஃபிக்' என்று தட்டி உள்ளே போக வேண்டும். அது தெரிந்தவனுக்கு அந்தக் காலத்தில் ஊரில் தனி மரியாதை உண்டு.

அண்ணன் மெஷினில் அந்தப் பட்டியலில் 23 பேர் இருந்தார்கள்.

*

23 என்பது ஏன் ஆறு நிமிஷம் ஆகிறது? இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் என் வீட்டு மடிக்கணினியில் இதே 23 இருந்தாலும் எனக்குத் தெரியவே தெரியாது.

அண்ணனுடையது அசெம்பிள் செய்த மெஷின். 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். முதலில் விண்டோஸ் 7, பிறகு 2015-இல் மைக்ரோசாஃப்ட் ஒரு வருஷத்துக்கு இலவசமாகக் கொடுத்தபோது விண்டோஸ் 10-க்கு மாறியது. ஹார்டு டிஸ்க் என்பது நிஜமாகவே சுழலும் தட்டு. நிமிஷத்துக்கு 7200 சுற்று, அதாவது நொடிக்கு 120. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. தேவையான இடம் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், 4 மில்லிநொடி. அந்த முனை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு நகர இன்னும் ஒரு 9 மில்லிநொடி. ஆக, சிதறிக் கிடக்கும் ஒரு துண்டை எடுக்க 13 மில்லிநொடி. நொடிக்கு 75 துண்டுகூடத் தேறாது. ஒவ்வொரு துண்டும் 4 கேபி என்றால் நொடிக்கு 300 கேபி. இதே டிஸ்க் ஒரு சினிமாக் கோப்பை வரிசையாகப் படிக்கும்போது நொடிக்கு 100 எம்பியைத் தாண்டும். வித்தியாசம் முந்நூறு மடங்குக்கும் மேல்!

எதிரே தாலுகா ஆபீஸைக் காட்டித்தான் அண்ணனுக்கு இதைச் சொன்னேன். ரெக்கார்டு ரூமில் ஒரே ஒரு ஆள் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராமத்து அடங்கல் முழுவதையும் கேட்டால் கட்டோடு தூக்கி வந்து போடுவார், ஒரே நடை. 23 பேர் ஒரே நேரத்தில் வந்து, ஆளுக்கு ஒரு பக்கம், வேறு வேறு பீரோவிலிருந்து கேட்டால்? அதுவும் ஒருவருக்கு முதல் பக்கத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்தவருக்கு ஒரு பக்கம் எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடி முதல் ஆளுக்கு இரண்டாம் பக்கம் என்று ஓடினால்? ஆள் சோம்பேறி இல்லை. நாள் முழுக்க நடந்துகொண்டேதான் இருக்கிறார். நடையிலேயே பொழுது போய்விடுகிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்ற பத்தியில் 100 சதவீதம் என்று சிவந்து நிற்கும், படிக்கும் வேகமோ நொடிக்கு ஒன்றிரண்டு எம்பிதான் இருக்கும். அந்த முரண்பாட்டைப் பார்த்ததும் நோய் பிடிபட்டுவிடும்.

போதாததற்கு 4 ஜிபி ரேம். வந்தவர்கள் எல்லாரும் உட்கார இடமில்லாதபோது விண்டோஸ் சிலரை எழுப்பி, ரேமில் கொள்ளாததைப் போட்டுவைக்கும் பேஜ் ஃபைல் என்ற கோப்புக்கு அனுப்புகிறது. அந்தப் பேஜ் ஃபைல் இருப்பதும் அதே டிஸ்க்கில். அதே ஆள், இன்னொரு நடை.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக இப்போது வரும் எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவும் இல்லை. சாதாரண சாட்டா வகை எஸ்எஸ்டிகூட இப்படிச் சிதறிய துண்டுகளை நொடிக்குப் பல்லாயிரம் எடுத்துவிடும். அதனால்தான் 'ஸ்டார்ட்அப்பைக் குறைத்தும் எனக்கு ஒன்றும் மாறலையே' என்று புது மடிக்கணினிக்காரர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு மாறாது. பழைய மெஷினுக்குத்தான் இது மருந்து.

*

சரி, பட்டியலுக்கு வருவோம்.

டாஸ்க் மேனேஜர் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'ஹை', 'மீடியம்', 'லோ' என்று எழுதியிருக்கும். இது குத்துமதிப்பாகப் போட்டது அல்ல. தொடங்கும்போது பிராசஸர் நேரம் 1 நொடிக்கு மேல் எடுத்தாலோ டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேல் படித்து எழுதினாலோ ஹை. 300 மில்லிநொடிக்கும் 300 கேபிக்கும் கீழே இருந்தால் லோ. நடுவில் இருப்பது மீடியம். இணையத்தில் தேடினால் 'ஹை என்று இருப்பதையெல்லாம் டிசேபிள் செய்யுங்கள்' என்று பத்து வீடியோ வரும். நான் அப்படிச் செய்வதில்லை. அந்த முத்திரை ஒரு ஆள் எவ்வளவு சாப்பிடுகிறான் என்று சொல்கிறதே தவிர, அவன் வேலைக்கு வந்தவனா, விருந்துக்கு வந்தவனா என்று சொல்வதில்லை. அதை மெஷினின் சொந்தக்காரரிடம்தான் கேட்க வேண்டும். எனவே அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டி, "இது யாருது?" என்று கேட்டேன்.

முதல் ஆள், ஒரு பிரிண்டரின் மை அளவைப் பார்க்கும் மென்பொருள். "அந்தப் பிரிண்டரையா? அத பழைய இரும்புக்குப் போட்டு ரெண்டு வருஷமாச்சே." பிரிண்டர் போய்விட்டது. அதன் மையை விசாரிக்கும் ஆள் மட்டும் தினமும் காலையில் வந்துகொண்டிருக்கிறான்.

அடுத்தது ஒரு டேட்டா கார்டு. யூஎஸ்பியில் செருகி நெட் பார்ப்போமே, அது. 2013 வாக்கில் வாங்கியதாம். அடுத்தது ஒரு கைபேசியைக் கணினியோடு இணைக்கும் மென்பொருள். அந்தக் கைபேசியை அவர் தங்கை மகன் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வெகுகாலம் ஆகிறது. வீடியோ கூட்டத்துக்கான ஒரு செயலி, ஊரடங்கில் மகனின் ஆன்லைன் வகுப்புக்காகப் போட்டது. மகன் இப்போது காலேஜ் இரண்டாம் வருஷம். பட்டியலைப் படிக்கப் படிக்க அது அந்தக் குடும்பத்தின் டைரி மாதிரி ஆகிவிட்டது. டாரண்ட் ஒன்று இருந்தது. "இது யாருது?" என்றேன். அண்ணன் ரொம்ப நேரம் அதைப் பார்த்துவிட்டு, "பையனுதா இருக்கும்" என்றார். நான் மேலே கேட்கவில்லை.

இரண்டு ஆன்டிவைரஸ். ஒன்று காசு கொடுத்தது, இன்னொன்று எதனோடோ ஒட்டிக்கொண்டு வந்த இலவசச் சோதனைப் பதிப்பு, காலாவதியானது. இதை டிசேபிள் செய்தால் போதாது, முழுக்க அன்இன்ஸ்டால் செய்ய வேண்டும். இரண்டு காவல்காரர்கள் ஒரே கேட்டில் நின்றால் வருகிற ஒவ்வொரு கோப்பையும் இருவரும் சோதிப்பார்கள். ஹார்டு டிஸ்க்குக்கு அது இரட்டை நடை.

வெறும் 'புரோகிராம்' என்று மட்டும் ஒரு பெயர், ஐகான் இல்லாமல், தயாரிப்பாளர் பெயரும் இல்லாமல் இருந்தது. இதைப் பார்த்துப் பலர் வைரஸ் என்று பயப்படுகிறார்கள். பெரும்பாலும் இது ஒரு பிணம். ஏதோ ஒரு மென்பொருளை நீக்கியிருப்பார்கள், அதன் ஸ்டார்ட்அப் வரி மட்டும் போகாமல் இருக்கும். அந்த வரியில் கோப்பின் முகவரி 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்று தொடங்கும். மேற்கோள் குறி போடாமல் எழுதியிருந்தால், நடுவில் உள்ள இடைவெளியோடு விண்டோஸ் நிறுத்திக்கொண்டு 'புரோகிராம்' என்பதையே பெயராகக் காட்டுகிறது. பத்தித் தலைப்பின் மேல் வலது கிளிக் செய்து 'கமாண்ட் லைன்' என்பதைச் சேர்த்தால் முழு முகவரி தெரிந்துவிடும். தயாரிப்பாளர் பெயரில்லாத எதையும் இந்தப் பத்தியைப் பார்க்காமல் தொடக்கூடாது. இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் வைத்துக்கொள்ளவில்லை.

விட்டுவைக்க வேண்டியவையும் இருந்தன. இப்போதிருக்கும் ஸ்கேனரின் உதவி மென்பொருளை எடுக்கப் போனேன், ஏனென்றால் அச்சடிப்பதற்கோ ஸ்கேன் செய்வதற்கோ அது தேவையில்லை. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் ஸ்கேனரின் முன்பக்கப் பொத்தானை அழுத்தித்தான் ஸ்கேன் எடுப்பார். அந்தப் பொத்தான் அழுத்தப்பட்டதை இந்த மென்பொருள்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. சரி, இருக்கட்டும். ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையெழுத்து போட உதவும் ஒன்று, மாதம் 20ஆம் தேதியை ஒட்டி மட்டும் தேவைப்படுவது. தேவைப்படும் அன்று கையால் திறந்துகொள்ளலாம் என்று எடுத்தோம். விரல்ரேகைக் கருவியின் மென்பொருள் இந்தப் பட்டியலிலேயே இல்லை. அது விண்டோஸ் சர்வீஸாக, அதாவது திரையில் தெரியாமல் பின்னணியில், ஓடுகிறது. நவம்பர் வந்தால் பென்ஷன்தாரர்கள் உயிர்வாழ் சான்றுக்கு விரல் வைக்க வருவார்கள். அதில் கை வைத்தால் பெரியவர்கள் வெயிலில் நிற்க வேண்டிவரும். சர்வீஸ்கள் பக்கம் போய் எனக்குத் தெரியாததையெல்லாம் நிறுத்தும் பழக்கம் எனக்கு இருபது வயதில் இருந்தது. ஒரு தடவை வைஃபையையே நிறுத்திவிட்டு அரை நாள் மோடத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்படிப் பதினெட்டு பெயர்களைத் தாண்டும்போது கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்றாலும் மறுநாள் திங்கள், மனு நாள். அண்ணன் எழுந்து போய்விட்டார். மிச்சம் ஐந்து. ஒன்று ஒலி, ஒன்று கிராஃபிக்ஸ், ஒன்று கோப்புகளை மேகத்தில் ஏற்றுவது, ஒன்று பிடிஎஃப் மென்பொருளின் அப்டேட்டர். கடைசியாக மூன்றெழுத்தில் என்னவோ ஒரு பெயர், தயாரிப்பாளர் இடம் காலி, எதிரே 'லோ'. கேட்க ஆளில்லை. பெயரே தெரியவில்லை, இருந்து என்ன, போய் என்ன என்று டிசேபிள் செய்தேன்.

ரீஸ்டார்ட் செய்து மறுபடி ஸ்டாப்வாட்ச். குரோம் திறக்க, 1 நிமிஷம் 55 நொடி. டெஸ்க்டாப் வந்த சற்று நேரத்திலேயே வேலை செய்யலாம். அண்ணன் முகத்தில் வந்த சிரிப்புக்கு நான் இரண்டு நாள் மிதந்திருக்கலாம். ஒரு ராத்திரிதான் மிதந்தேன்.

*

திங்கள் காலை ஒன்பதே கால். "தம்பி, தமிழ் வரலையே."

கடையில் தட்டச்சு செய்யும் அக்கா, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஹையர் முடித்தவர். அவர் திரையைப் பார்த்து அடிப்பதில்லை. கண் எப்போதும் மேஜைமேல் உள்ள கையெழுத்துத் தாளில் இருக்கும். விரல் தன் பாட்டுக்கு ஓடும். அன்றைக்கு ஒரு பாட்டி பட்டா மாறுதல் மனுவோடு வந்திருக்கிறார். அக்கா அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள் என்று முழுப்பக்கத்தையும் அடித்து முடித்துவிட்டு நிமிர்ந்தால், திரை முழுக்க ஆங்கில எழுத்துச் சிதறல். 'தமிழ்' என்று அடித்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி.

அந்த மூன்றெழுத்துப் பேர்வழி அவர்களுடைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள்! பழைய பாமினி விசையமைப்பில் அடித்தால் யூனிகோடாக, அதாவது எந்த மெஷினிலும் தமிழாகவே தெரியும் குறியீடாக, மாற்றித் தருவது. நானோ தமிழ்99 விசைப்பலகைக்காரன், வேறு ஒன்றைப் பயன்படுத்துபவன், அதனால் அந்தப் பெயர் எனக்குப் பழக்கமில்லை. இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர், அழகி என்று நம்மில் பலரும் இணையத்தில் தமிழ் எழுதத் தொடங்கியது இப்படிப்பட்ட கருவிகளில்தான். அவை செய்வதெல்லாம் மூலையில் உட்கார்ந்து ஒவ்வொரு விசை அழுத்தத்தையும் பிடித்து எழுத்தாக மாற்றுவதுதான். ஓடிக்கொண்டிருந்தால்தான் தமிழ். தமிழில் வேலை செய்கிற மெஷினின் ஸ்டார்ட்அப் பட்டியலில் எது போனாலும் போகலாம், இது போகக்கூடாது. 'லோ' என்றே போட்டிருந்தது. சாப்பிடுவது கொஞ்சம், செய்வது கடையின் பாதி வேலை. கமாண்ட் லைன் பத்தியைப் பார்த்திருந்தால் கோப்புறையின் பெயரிலேயே தமிழ் என்று இருந்தது. பார்க்கவில்லை.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவதற்குள் அக்காவே தீர்த்துவிட்டிருந்தார். நான் யோசித்தே இருக்க மாட்டேன். அந்தக் குப்பை முழுவதையும் தேர்வு செய்து, எழுத்துருவை பாமினிக்கு மாற்றியிருக்கிறார். ஜே என்ற விசைக்கு 'த' என்று அந்த எழுத்துருவே வரைந்துகாட்டும் அல்லவா? யூனிகோடுக்கு முந்தைய காலத்தில் டிடிபி கடைகள் பிழைத்தது அப்படித்தானே. ஒரு நொடியில் பக்கம் முழுவதும் ஒழுங்கான தமிழ் மனு. அச்செடுத்துப் பாட்டியிடம் கொடுத்தாயிற்று. மின்னஞ்சலில் அனுப்புவதென்றால் அது உதவாது, காகிதத்துக்குப் போதும்.

"ஒன்னும் அவசரமில்ல தம்பி, மெதுவா வாங்க" என்றார் அக்கா. அந்த 'மெதுவா'வில் ஒரு குத்தல் இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து அதன் மேல் வலது கிளிக், எனேபிள். தீர்ந்தது. டிசேபிள் செய்வதில் ஒரு நல்ல விஷயம் இது. விண்டோஸ் எதையும் அழிப்பதில்லை. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'ஸ்டார்ட்அப்அப்ரூவ்ட்' என்ற இடத்தில் அந்தப் பெயருக்கு எதிரே உள்ள மதிப்பின் முதல் எண் 02-இலிருந்து 03 ஆகிறது. அவ்வளவுதான். திரும்ப எனேபிள் செய்தால் 02. அதனால் பயப்பட வேண்டாம், ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் செய்யாதீர்கள், ஞாயிறும் செய்யாதீர்கள். கடை மெஷின் என்றால் கூட்டம் இல்லாத ஒரு வேலைநாள் மத்தியானம் செய்யுங்கள். மறந்தது எது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

*

இந்தக் கூட்டம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதற்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் 'ஆட்டோஎக்ஸெக் டாட் பேட்' என்று ஒரு கோப்பு. எது ஓடும் எது ஓடாது என்று வரிவரியாகப் படிக்கலாம். 1992-இல் விண்டோஸ் 3.1 வந்தபோது 'ஸ்டார்ட்அப்' என்று ஒரு குழு. அதில் ஐகானைப் போட்டால் தானே திறக்கும், எடுத்தால் திறக்காது. விண்டோஸ் 95-இல் அது ஸ்டார்ட் மெனுவுக்குள் கோப்புறை ஆயிற்று, இன்றும் இருக்கிறது. அது முன்வாசல், வருகிறவனைப் பார்க்கலாம். ஆனால் கூடவே ரெஜிஸ்ட்ரியில் 'ரன்' என்று ஒரு பின்வாசலையும் வைத்தார்கள். மென்பொருள் கம்பெனிகளுக்கு அதுதான் பிடித்துப்போயிற்று. நிறுவும்போது 'கணினியோடு சேர்ந்து தொடங்கு' என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டிருப்பார்கள். நாமோ நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். அந்தக் கட்டத்தைப் படித்த ஒரு மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை. நானும் படித்ததில்லை.

டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கம் இந்த இரண்டு வாசலையும் காட்டும். குறித்த வேளையில் புரோகிராம்களை ஓடவைக்கும் டாஸ்க் ஷெட்யூலர் வழியாகவும் சர்வீஸாகவும் வருகிறவர்களைக் காட்டாது. எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்றால் ஆட்டோரன்ஸ். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் எழுதியது. அவர்களுடைய நிறுவனத்தை 2006-இல் மைக்ரோசாஃப்டே வாங்கிக்கொண்டது, இப்போதும் இலவசமாகக் கிடைக்கிறது. திறந்ததும் மிரண்டுவிடுவீர்கள், அத்தனை வரிகள். முதலில் மைக்ரோசாஃப்ட் வரிகளை மறைக்கச் சொல்லிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். மஞ்சளில் தெரிபவை கோப்பே இல்லாத பிணங்கள்.

ஒட்டுமொத்தமாக மூன்று ஏமாற்றங்களைச் சொல்லிவிடுகிறேன், கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. எம்எஸ்கான்ஃபிக்கில் போய் 'நம்பர் ஆஃப் பிராசஸர்ஸ்' என்பதில் 4 என்று போட்டால் வேகமாகும் என்பார்கள். ஆகாது. விண்டோஸ் ஏற்கெனவே எல்லா கோர்களையும் பயன்படுத்துகிறது. அந்தக் கட்டம் சோதனைக்காகக் குறைப்பதற்கு வைத்தது. 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்' போட்டால் வேகமாகும் என்பார்கள். நான் பார்த்தவற்றில் பாதி தாங்களே ஸ்டார்ட்அப்பில் வந்து உட்கார்ந்திருந்தன. மூன்றாவது, 'நான் தினமும் ஷட்டௌன் செய்கிறேனே' என்பது. அண்ணன் மெஷினில் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் அப்டைம், அதாவது விண்டோஸ் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும் நேரம், 41 நாள் என்றது. தினமும் ராத்திரி அணைக்கிறார்! விண்டோஸ் 8-இலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று உண்டு. ஷட்டௌன் கொடுத்தால் உங்கள் செயலிகளை மூடிவிட்டு, விண்டோஸின் கருவை மட்டும் அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்துக்கொள்ளும். காலையில் அதைத் திரும்ப ஏற்றும். கரு வேகமாக எழும், ஆனால் ஸ்டார்ட்அப் கூட்டம் தினமும் புதிதாகத்தான் வரும், அதற்கு இது உதவாது. விண்டோஸை முழுமையாகப் புதிதாகத் தொடங்க வேண்டுமானால் ரீஸ்டார்ட்தான்.

மேக்கில் 2022-இல் வந்த வென்ச்சுராவிலிருந்து ஒரு செயலி தன்னைத் தொடக்கப் பட்டியலில் சேர்த்துக்கொண்டால் 'இன்னார் வந்து உட்கார்ந்துவிட்டார்' என்று அறிவிப்பு வருகிறது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. உபுண்டுவில் 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' என்று அடித்தால் தொடக்கத்தில் எந்த சர்வீஸ் எத்தனை நொடி எடுத்தது என்று பட்டியல் போடும். பழியை யார்மேல் போடலாம் என்பதற்கே ஒரு கட்டளை வைத்த புண்ணியவான்கள்.

*

நாலைந்து மாதம் கழித்து அண்ணன் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கினார். பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து ஏற்றிக் கொடுத்தேன், எழுத்துருக்கள் மனு மாதிரிகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. இப்போது பொத்தானிலிருந்து குரோம்வரை முப்பது நொடிக்குள். ஆரம்பத்திலேயே இதைச் செய்திருந்தால் அந்தப் பட்டியலை உட்கார்ந்து படித்திருக்க வேண்டாமே என்று கேட்கலாம். கேட்டார்கள். ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

போன வாரம் ஒரு சான்றிதழை ஸ்கேன் எடுக்கக் கடைக்குப் போயிருந்தேன். அண்ணன் இல்லை, டீக்கடையில் இருந்தார். மெஷின் சீக்கிரம் திறக்கிறது என்பதற்காக டீயை யாரும் விட்டுவிடுவார்களா? சும்மா இருக்காமல் கண்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் அழுத்தினேன். புதிதாக மூன்று பெயர் சேர்ந்திருந்தது. இரண்டை அக்காவிடம் கேட்டு எடுத்தேன். மூன்றாவது ஒரு தொலைவுக் கட்டுப்பாட்டு மென்பொருள், தூரத்திலிருந்து இன்னொருவர் திரையைப் பார்த்துச் சரிசெய்ய உதவுவது. எதிரே 'ஹை'.

அக்காவும் எட்டிப் பார்த்தார். "இது யாருது தம்பி?"

தமிழ் வராமல் போன அந்தத் திங்கட்கிழமைக்கு அடுத்த நாள், இனிமேல் இப்படி ஆனால் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று போட்டது. நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்.

"என்னுதுதான்க்கா."